மண்ணில் இன்னும் மருந்து இருக்கிறதா?

கேள்வி இதுதான்: ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் எல்லாம் மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து வந்தவை என்று படிக்கிறோம். ஒரு காலத்தில் வரிசையாகக் கிடைத்தவை இப்போது ஏன் கிடைப்பதில்லை? மண்ணில் இருந்ததை எல்லாம் எடுத்து முடித்தாயிற்றா? ஒரு கல்லூரி மாணவர் தோட்டத்து மண்ணைச் சோதித்தால் ஏதாவது கிடைக்குமா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மண்ணில் இருப்பது தீரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரே ஒரு முறையில் தேடினோம். அந்த முறைக்கு அகப்படக்கூடியவை பெரும்பாலும் அகப்பட்டுவிட்டன. வலைக்கண்ணியைவிடச் சிறிய மீன்கள் எல்லாம் நழுவிப் போன கதைதான் இது. கடந்த இருபது ஆண்டுகளில் கண்ணியைச் சிறிதாக்கப் பலர் உழைத்திருக்கிறார்கள்; பலனும் தெரிகிறது. ஆனால் மூலக்கூறைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதை நோயாளியின் கையில் கொண்டுசேர்ப்பது வேறு வேலை. இரண்டாவது வேலையில்தான் இப்போது பெரிய முட்டுக்கட்டை இருக்கிறது.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். ஒரு கிராம் தோட்ட மண்ணில் பல கோடி பாக்டீரியா இருக்கும். இனங்கள் மட்டும் ஆயிரக்கணக்கில். அவற்றில் ஆன்டிபயாடிக் தயாரிப்பதில் கெட்டிக்காரக் கூட்டம் ஆக்டினோமைசீட்டுகள், குறிப்பாக ஸ்ட்ரெப்டோமைசஸ். இயற்கையிலிருந்து நமக்குக் கிடைத்த ஆன்டிபயாடிக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கூட்டத்தின் கொடை.

ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாதான் என்றாலும் வளரும் விதம் பூஞ்சையுடையது. நூல் நூலாகக் கிளைத்து மண்துகள்களுக்குள் ஊடுருவி வளரும். இருக்கும் இடத்தில் சத்து தீர்ந்தால் நகர்ந்து போக வழியில்லை. அதனால் தன் பழைய இழைகளையே கரைத்து, அந்தச் சத்தைக் கொண்டு மேல்நோக்கிப் புதிய இழைகளை எழுப்பி, அவற்றை வித்துகளாக மாற்றும். கரைந்துகொண்டிருக்கும் இழைகள் அக்கம்பக்கத்து பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. மற்றவை வந்து சூறையாடக்கூடிய அந்தக் கட்டத்தையொட்டித்தான் ஆன்டிபயாடிக் உற்பத்தி பெரும்பாலும் தொடங்குகிறது. தற்காப்பு என்பது ஒரு விளக்கம். மண்ணில் அதன் செறிவு மிகக் குறைவு, ஆகவே அது அண்டை உயிர்களுக்கு விடும் சமிக்ஞையாகவும் இருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்தே நடக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. எதுவானாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: பாக்டீரியா இதை எப்போதும் தயாரிப்பதில்லை, தேவை வரும்போது மட்டும் தயாரிக்கிறது. பின்னால் இது முக்கியமாகும்.

இதை முறையாகத் தேடலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து மண் நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மன். அவருடைய பழைய மாணவர் ரெனே டூபோ 1939-ல் மண்ணிலிருந்த பேசில்லஸ் என்ற வகைப் பாக்டீரியாவிலிருந்து டைரோத்ரிசின் என்ற கலவையைப் பிரித்தார். அதன் பிறகு வாக்ஸ்மனின் ஆய்வகம் முழுவீச்சில் இறங்கியது. 1940-ல் ஆக்டினோமைசின் வந்தது. நச்சு தாங்க முடியவில்லை. 1942-ல் ஸ்ட்ரெப்டோத்ரிசின், அது சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1943 அக்டோபரில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர் ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரிசியஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டார். அந்தப் பாக்டீரியாவின் இரண்டு மாதிரிகளில் ஒன்று எரு போட்ட வயல் மண்ணிலிருந்தும் இன்னொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் கிடைத்தது. பெனிசிலினுக்கு மசியாத காசநோய்க் கிருமி இதற்கு மசிந்தது. 1944-ல் வந்த முதல் கட்டுரையில் ஷாட்ஸ், எலிசபெத் பூஜி, வாக்ஸ்மன் என்று மூன்று பெயர்கள். 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும். ஷாட்ஸ் அதற்கு முன்பே, 1950-ல், வழக்குப் போட்டுத்தான் இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற அங்கீகாரத்தைப் பெற வேண்டியிருந்தது. நாள் முழுக்கத் தட்டுகளோடு கிடந்த இளைஞரின் பெயர் இப்படிப் பின்னுக்குப் போனது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

அந்த முறை எப்படி என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இன்றும் முதல் படி அதேதான். மண்ணைச் சில நாள் உலர்த்துவார்கள். ஈரம் போனால் பல பாக்டீரியா செத்துவிடும். ஸ்ட்ரெப்டோமைசஸின் வித்துகள் தாங்கும். ஒரு கிராம் மண்ணை 9 மில்லிலிட்டர் கிருமி நீக்கிய நீரில் கலக்கி, அதில் 1 மில்லிலிட்டரை எடுத்து அடுத்த 9-ல் விட்டு, இப்படிப் பத்துப் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போவார்கள். கடைசிக் குழாய்களிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஸ்டார்ச்சும் கேசீனும் சேர்த்த அகார் (கடற்பாசிக் கூழ்) தட்டில் பரப்புவார்கள். பூஞ்சை மண்டாமல் இருக்க அகாரிலேயே பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். 28 டிகிரியில் ஒரு வாரம், இரண்டு வாரம் வைக்க வேண்டும்.

முதல் ஒன்றிரண்டு நாளில் பளபளவென்று ஈரமாகப் பரவும் காலனிகள் (ஒரு செல்லிலிருந்து பெருகிய பாக்டீரியாக் கூட்டங்கள்) தலைகாட்டும். அவற்றுக்காக நாம் காத்திருக்கவில்லை. நாலைந்து நாள் கழித்துத்தான் சின்னச் சின்னதாக, உலர்ந்து, மேலே வெள்ளையோ சாம்பலோ இளஞ்சிவப்போ பொடி படர்ந்த காலனிகள் தெரியும். ஊசியால் தள்ளினால் நகராது; இழைகள் அகாருக்குள் இறங்கியிருக்கும், கீறித்தான் எடுக்க வேண்டும். சிலவற்றின் முதுகில் நிறமுள்ள துளிகள் நிற்கும். ஸ்ட்ரெப்டோமைசஸ் கோலிகலர் என்றால் அந்தத் துளி நீலம். அந்த நீலமே ஆக்டினோரோடின் என்ற ஆன்டிபயாடிக். இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் முதல் மழைக்கு எழும் அதே மண்வாசனை அடிக்கும். இந்தப் பாக்டீரியா வெளிவிடும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள்தான் அந்த வாசனைக்குக் காரணம்.

அப்புறம் ஒவ்வொரு காலனியையும் தனியாக வளர்த்து, நோய்க்கிருமியோ அதன் ஆபத்தில்லாத உறவினரோ முழுக்கப் படர்ந்திருக்கும் தட்டில் வைப்பார்கள். எந்தக் காலனியைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் விழுகிறதோ, அது எதையோ சுரக்கிறது. அவ்வளவுதான் சோதனை. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அதனால்தான் மருந்து நிறுவனங்கள் உலகம் முழுக்க மண்ணைத் திரட்டிக் குவித்தன.

அந்தக் காலத்து மண் பைகளின் முகவரிகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் சோதனை வயலிலிருந்து வந்த மண்ணில், எழுபதைத் தாண்டிய பெஞ்சமின் டக்கர் குளோர்டெட்ராசைக்ளினைக் கண்டார். அது 1948-ல் வெளியானது. அப்போது டக்கர் வேலை பார்த்த லெடர்லே மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சி இயக்குநராக இருந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். குளோராம்பெனிகால் வெனிசுவேலாவின் கராகஸ் அருகே ஒரு வயலிலிருந்து வந்தது. எரித்ரோமைசின் பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் மருத்துவர் அபெலார்டோ அகிலார் அனுப்பிய மண்ணிலிருந்து, வான்கோமைசின் போர்னியோ காட்டிலிருந்து ஒரு மதபோதகர் அனுப்பிய மண்ணிலிருந்து. இன்று காசநோய் சிகிச்சையின் முதுகெலும்பான ரிஃபாம்பிசின், பிரெஞ்சு ரிவியராவின் பைன் மரக்காட்டு மண்ணில் 1957-ல் கிடைத்த ரிஃபாமைசினின் வழிவந்தது.

இவ்வளவு தாராளமாகக் கொடுத்த முறை 1960-களுக்குப் பிறகு ஏன் வறண்டது? பெரும்பாலோர் நினைப்பதுபோல் எதுவும் கிடைக்காமல் போனதால் இல்லை. கிடைத்துக்கொண்டே இருந்தது, கிடைத்ததெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. ஒரு மதிப்பீட்டின்படி, மண்ணிலிருந்து எடுக்கும் ஆக்டினோமைசீட்டுகளில் நூற்றுக்குப் பத்து ஸ்ட்ரெப்டோத்ரிசினைத் தயாரிக்கும், நூற்றுக்கு ஒன்று ஸ்ட்ரெப்டோமைசினை. டாப்டோமைசின் போன்ற அரிதான ஒன்றைத் தயாரிப்பது ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று. அதாவது தெளிந்த வட்டம் விழுந்த தட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, மாதக்கணக்கில் உழைத்துப் பொருளைச் சுத்தப்படுத்தி, அமைப்பைக் கண்டுபிடித்தால் கடைசியில் 1942-ல் வந்த பழைய ஆள் நிற்பார். இந்தத் துறையில் மனம் உடைந்துபோனவர்கள் பலரும் இந்த இடத்தில் உடைந்தவர்கள்தான். இப்போது மூலக்கூறுகளின் எடையை அளக்கும் நிறைமாலைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) சாற்றை ஓட்டி, தெரிந்த மூலக்கூறுகளின் பட்டியலோடு ஒப்பிட்டு, பழைய ஆட்களை ஆரம்பத்திலேயே கழித்துவிடலாம். என் பார்வையில் இந்தக் கழிக்கும் வேலைதான் நவீனத் தேடலின் பாதி.

நடுவில் மண்ணையே விட்டுவிடலாம் என்று ஒரு காலம் வந்தது. 1995-ல் முதல் பாக்டீரியா மரபணுத்தொகுதி வெளியானதும், கிருமிக்கு இன்றியமையாத புரதங்களை மரபணுவிலிருந்து கண்டுபிடித்து, நிறுவனத்தின் அலமாரியிலிருக்கும் செயற்கை வேதிப்பொருள்களை லட்சக்கணக்கில் அவற்றின் மேல் சோதிக்கலாம் என்றார்கள். கிளாக்ஸோஸ்மித்க்ளைன் 1995 முதல் 2001 வரை அப்படிச் சுமார் 70 பெருந்தேடல்களை நடத்தியது. மேலே கொண்டுபோகத் தகுதியாகத் தேறியவை 5. புரதத்தைத் தடுக்கும் வேதிப்பொருள் கிடைத்தாலும் அது கிருமியின் உள்ளே நுழையவே முடியவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பாக்டீரியாவுக்குள் நுழையப் பழகிய மூலக்கூறுகளை மண்ணில் விட்டுவிட்டு, நுழையத் தெரியாதவற்றை வைத்து முயன்றதன் விளைவு இது. பலர் மறுபடியும் மண் பக்கம் திரும்பியதற்கு இந்தத் தோல்வி ஒரு முக்கியக் காரணம்.

திரும்பியவர்கள் முதலில் கேட்டது: நம் தட்டில் வளராதவை எத்தனை? மண்ணை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணினால் தெரியும் பாக்டீரியாவில் சுமார் நூற்றில் ஒன்றுதான் அகார் தட்டில் காலனியாகிறது. மிச்சம் 99 பங்கை வாக்ஸ்மனின் முறை பார்க்கவே இல்லை. ஏன் வளர்வதில்லை என்பதற்குப் பல காரணங்கள். சில மிக மெதுவாக வளரும், மாதக்கணக்கில் காத்திருந்தால் வந்துவிடும். சிலவற்றுக்கு நாம் கொடுக்கும் சத்து அளவுக்கு மீறியது. சில, இரும்பை ஈர்த்துக் கொடுக்கும் மூலக்கூறுக்குப் பக்கத்து பாக்டீரியாவை நம்பியிருப்பவை, தனியாக்கினால் பட்டினி. இன்னொரு காரணம் 2014-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியது: அகாரையும் பாஸ்பேட்டையும் ஒன்றாகப் போட்டு ஆட்டோகிளேவில் (கிருமி நீக்கும் நீராவிக் கலன்) சூடாக்கினால் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது, அது பல பாக்டீரியாவை வளரவிடாமல் செய்கிறது. இரண்டையும் தனித்தனியாகச் சூடாக்கிப் பிறகு கலந்தால் காலனிகளின் எண்ணிக்கை கூடுகிறது. காலங்காலமாகச் செய்துவந்த ஒரு சாதாரண சமையல் பழக்கம் எவ்வளவு உயிர்களைக் கண்ணில் படாமல் மறைத்திருக்கிறது பாருங்கள்.

இதற்குப் பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவா எப்ஸ்டீனும் கிம் லூயிஸும் கண்ட வழி எளிமையானது. பாக்டீரியாவுக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியாவிட்டால், அதன் வீட்டிலேயே வளர்ப்போம். ஐசிப் என்று பெயர். நூற்றுக்கணக்கான நுண்துளைகள் போட்ட சிறிய பிளாஸ்டிக் தகடு. நன்றாக நீர்த்த மண் கரைசலை இளகிய அகாரோடு கலந்து அதில் தகட்டை முக்கினால், துளைக்கு ஏறத்தாழ ஒரு செல் என்று மாட்டும். இரண்டு பக்கமும் மெல்லிய சவ்வை ஒட்டி, மண் எடுத்த இடத்திலோ அதே மண் நிறைந்த தொட்டியிலோ புதைத்துவிடுவார்கள். சவ்வு வழியாகச் சத்தும் அண்டையாரின் சுரப்புகளும் உள்ளே வரும். பாக்டீரியா வெளியே போக முடியாது. சில வாரம் கழித்து எடுத்தால் துளைகளில் நுண்காலனிகள். தட்டில் நூற்றில் ஒன்று வளர்ந்த இடத்தில் இதில் பாதிவரை வளர்ந்தன. ஒருமுறை இப்படிக் காலனியானவற்றில் பல, பிறகு சாதாரணத் தட்டிலும் வளரப் பழகிக்கொள்கின்றன.

இந்த வழியில் சுமார் 10,000 பாக்டீரியாவைச் சோதித்ததில் கிடைத்ததுதான் டெக்சோபாக்டின். 2015 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் புல்வெளி மண்ணில் இருந்த எலெஃப்தீரியா டெரே என்ற, அதுவரை யாரும் அறியாத பாக்டீரியா தயாரிப்பது. செய்தித்தாள்கள் 'எதிர்ப்பே உருவாகாத ஆன்டிபயாடிக்' என்று எழுதின. அவ்வளவு தூரம் போகக் கூடாது என்றாலும் அந்த உற்சாகத்துக்குப் பின்னால் உண்மையான காரணம் இருக்கிறது. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் ஒரு புரதத்தைப் பிடிக்கும். மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் புரதத்தின் வடிவம் மாறி மருந்து நழுவும். டெக்சோபாக்டின் பிடிப்பது செல் சுவரைக் கட்டப் பயன்படும் லிப்பிட் 2 என்ற கொழுப்புப் பொருளை. அது நேராக மரபணுவில் எழுதப்பட்டதில்லை, அதனால் ஓர் எழுத்துப் பிழையில் மாறிவிடாது. தவிர, தயாரிக்கும் பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு உண்டு. பொருளை அந்தச் சவ்வுக்கு வெளியே தள்ளிவிட்டுத் தான் பத்திரமாக இருக்கிறது. தனியாக ஓர் எதிர்ப்பு மரபணு வைத்திருந்தால் மற்றவை அதைக் கடன் வாங்கும். இங்கே கடன் கொடுக்க அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் வான்கோமைசினும் லிப்பிட் 2-ஐப் பிடிக்கும் மருந்துதான். 1958-ல் புழக்கத்துக்கு வந்த அதற்கு, 1980-களின் பிற்பகுதியில் எதிர்ப்புள்ள கிருமிகள் வந்தே விட்டன. அந்த முப்பது ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டுதான் டெக்சோபாக்டினைப் பேச வேண்டும்.

எதிர்ப்பு என்றாலே மனிதன் மருந்தைக் கண்டபடி சாப்பிட்டதால் வந்தது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நாம் அதைப் பரப்பினோம் என்பது சரி. தொடக்கம் நாம் இல்லை. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் டெட்ராசைக்ளினுக்கும் வான்கோமைசினுக்கும் எதிர்ப்புத் தரும் மரபணுக்கள் இருந்ததை 2011-ல் காட்டினார்கள். ஆயுதம் உள்ள இடத்தில் கேடயமும் இருக்கும். ஆகவே எந்த மண் மருந்துக்கும் எதிர்ப்பு எங்கோ ஒரு மூலையில் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது வழி, வளர்ந்த பாக்டீரியாவே சொல்லாமல் வைத்திருப்பதைக் கேட்பது. 2002-ல் ஸ்ட்ரெப்டோமைசஸ் கோலிகலரின் முழு மரபணுத்தொகுதி வெளியானது. பல பத்தாண்டுகளாக ஆய்வகங்களில் வளர்த்து, எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்த பாக்டீரியா அது. மரபணுவைப் படித்தால் இப்படியான வேதிப்பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக் கொத்துகள் 20-க்கும் மேல்! அதுவரை கையில் கிடைத்திருந்தவை ஒரு சில. மற்றவை ஆய்வகத்தில் உறங்குகின்றன, ஏனென்றால் முன்னால் சொன்னதுபோல் தேவை வரும்போதுதான் தயாரிப்பு நடக்கும். வயிறு நிறைந்த குடுவையில் தேவை எங்கே வரும்? எழுப்ப வழிகள் உண்டு: சத்தை மாற்றுவது, வேறொரு பாக்டீரியாவோடு சேர்த்து வளர்ப்பது, கொல்லாத சிறு அளவில் இன்னொரு ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பது. இப்போது ஆன்டிஸ்மாஷ் என்ற இலவச மென்பொருளில் மரபணுத்தொகுதியைக் கொடுத்தால் எங்கெங்கே இத்தகைய கொத்துகள் உள்ளன என்று காட்டிவிடும். வேதியியல் தொடங்கும் முன்பே புதியதா பழையதா என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

இன்னும் ஒரு படி மேலே போய், பாக்டீரியாவை வளர்க்கவே வேண்டாம், மண்ணிலிருந்து நேரே டி.என்.ஏ.வை எடுப்போம் என்றவர் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஷான் பிரேடி. பொதுமக்கள் அனுப்பியவை உட்பட சுமார் 2,000 மண் மாதிரிகளின் டி.என்.ஏ.வில், கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும் ஆன்டிபயாடிக்குகளின் அடையாளத்தைத் தேடினார்கள். யாருக்கும் தெரியாத ஒரு கொத்து தென்பட்டது. அதைத் துண்டுகளாகச் சேர்த்து, வளர்க்கச் சுலபமான ஒரு ஸ்ட்ரெப்டோமைசஸுக்குள் செலுத்தித் தயாரிக்க வைத்தார்கள். 2018-ல் அறிவித்த மலாசிடின் அப்படி வந்தது. எம்.ஆர்.எஸ்.ஏ. (பல மருந்துகளுக்கு மசியாத ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி) தொற்றிய எலிகளின் தோல்புண்ணை அது ஆற்றியது. அதைத் தயாரிக்கும் பாக்டீரியாவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு பெரிய குறை இருக்கிறது. டெக்சோபாக்டினும் மலாசிடினும் கிராம் பாசிட்டிவ், அதாவது வெளிச்சவ்வு இல்லாத, கிருமிகளை மட்டுமே கொல்லும். மருத்துவமனைகளில் இன்று மிக அதிகமாகக் கைவிரிக்க வைப்பவை ஆசினெடோபேக்டர், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகள். அவற்றுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு. அதன் வாயில்களில் பொதுவாகச் சுமார் 600 டால்டனுக்குக் (மூலக்கூறு எடையின் அலகு) குறைந்த மூலக்கூறுகளே நுழைய முடியும். வான்கோமைசின் சுமார் 1,450. நுழைந்ததையும் வெளியே இறைத்துவிடும் பம்புகள் வேறு. மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் என்று 'லான்செட்' மதிப்பிட்டது. ஆகவே புதிய கண்டுபிடிப்புச் செய்தியைப் படித்தால், 'கிராம் நெகட்டிவ் மேல் வேலை செய்கிறதா?' என்பதை முதலில் பாருங்கள்.

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லும் இரண்டு எனக்கு மிகவும் நம்பிக்கை தருகின்றன. ஒன்று 2019-ல் வந்த டாரோபாக்டின். மண்ணில் வாழும் நூற்புழுக்களின் குடலில் இருக்கும் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியா தயாரிப்பது. புழுவின் உடலுக்குள்ளேயே வாழ்வதால், அதன் ஆயுதம் புழுவைக் கொல்லாமல் மற்ற கிருமிகளைக் கொல்வதாக இருந்தாக வேண்டும். நமக்கும் வேண்டியது அதே குணம். அது பிடிக்கும் பாம்ஏ என்ற புரதம் வெளிச்சவ்விலேயே இருப்பதால் உள்ளே நுழைய வேண்டிய சிக்கலும் இல்லை. மற்றொன்று கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி ரைட் குழு 2025-ல் அறிவித்த லாரியோசிடின். ஒரு வீட்டுக் கொல்லைப்புற மண்ணை எடுத்து, அவசரப்படாமல் ஏறத்தாழ ஓராண்டு ஆய்வகத்தில் வளரவிட்டார்கள். மெதுவாக வந்த பேனிபேசில்லஸ் என்ற வகைப் பாக்டீரியாவிடம் கிடைத்தது இது. செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் வேறு எந்த மருந்தும் பிடிக்காத இடத்தைப் பிடிக்கிறது. ஆசினெடோபேக்டர் தொற்றிய எலிகளைக் காப்பாற்றியது.

எலி வரை வந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். டாப்டோமைசினைத் தயாரிக்கும் பாக்டீரியா துருக்கியின் அராரத் மலை மண்ணில் கிடைத்தது. 1980-களில் எலி லில்லி நிறுவனம் அதை மனிதர்களில் சோதித்தபோது தசை பாதிப்பு வந்ததால் கைவிட்டது. 1997-ல் கியூபிஸ்ட் என்ற சிறிய நிறுவனம் உரிமை வாங்கி, ஒரு நாள் அளவைப் பிரித்துக் கொடுக்காமல் ஒரே தடவையாகக் கொடுத்துப் பார்த்தது. தசைக்கு இடையில் ஆற அவகாசம் கிடைத்ததால் பாதிப்பு குறைந்தது. 2003-ல் ஒப்புதல். மூலக்கூறில் ஓர் அணுவும் மாறவில்லை. மாறியது கொடுக்கும் நேரம். இது மாதிரி எத்தனை மூலக்கூறுகள் பழைய கோப்புகளில் கிடக்கின்றனவோ என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வரும்.

ஒப்புதல் கிடைத்தாலும் போதாது. மண் பாக்டீரியாவான மைக்ரோமோனோஸ்போரா தரும் சிசோமைசினை வேதியியலால் திருத்திச் செய்த பிளாசோமைசினுக்கு 2018 ஜூனில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதைக் கொண்டுவந்த அக்கேவஜன் நிறுவனம் 2019 ஏப்ரலில் திவாலானது. நல்ல புதிய ஆன்டிபயாடிக்கை மருத்துவர்கள் கடைசி ஆயுதமாகப் பூட்டித்தான் வைப்பார்கள், வைக்கவும் வேண்டும். குறைவாக விற்றால் நிறுவனம் மூடப்படுகிறது. விற்ற எண்ணிக்கைக்குப் பணம் என்ற ஏற்பாட்டை மாற்றி, மருந்து தயாராக இருப்பதற்கே அரசுகள் ஆண்டுச் சந்தா தர வேண்டும் என்ற யோசனையைப் பிரிட்டன் நடைமுறைப்படுத்தத் தொடங்கியிருக்கிறது. மற்ற பணக்கார நாடுகளும் செய்யாவிட்டால் எத்தனை ஐசிப் புதைத்தாலும் பிரயோசனம் குறைவு என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக, மாணவர் கேள்வி. ஆமாம், தாராளமாகச் செய்யலாம். ஜோ ஹேண்டல்ஸ்மன் 2012-ல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பாடமுறை ஒன்று, பல நாட்டுக் கல்லூரி மாணவர்களை இதே வேலையில் இறக்கியிருக்கிறது. லாரியோசிடினும் ஒரு கொல்லைப்புற மண்தான். ஆனால் வீட்டில் செய்யாதீர்கள், கல்லூரி ஆய்வகத்தில் பொறுப்பாசிரியர் முன்னிலையில் செய்யுங்கள். மண்ணில் டெட்டனஸ் கிருமியும் இருக்கும், சில பகுதிகளில் மெலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்றுநோயின் கிருமியும் இருக்கும். மருந்து இருக்கிறதே என்று புண்ணில் மண்ணைத் தடவுவது உயிருக்கே ஆபத்து. சோதனைக்கு நிஜ நோய்க்கிருமி தேவையில்லை. பேசில்லஸ் சப்டிலிஸ், ஆய்வக வகை ஈ. கோலி, சூடோமோனாஸ் புடிடா, ஆசினெடோபேக்டர் பெய்லியை போன்ற ஆபத்துக் குறைந்த உறவினர்கள் போதும். கிராம் நெகட்டிவ் ஒன்றாவது கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்ட்ரெப்டோமைசஸோடு நிற்காமல் மெதுவாக வரும் சிறு காலனிகளையும் தூக்கிப் போடாமல் காத்திருங்கள். தெளிந்த வட்டம் விழுந்தால் முதலில் பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவைப் படித்து யாரென்று பாருங்கள், அடுத்து நிறைமாலைமானி வசதியுள்ள ஒரு ஆய்வகத்தைத் தேடுங்கள்.

மண் எடுக்கும்போது இடம், ஆழம், தேதி, அருகில் என்ன செடி, மண்ணின் அமிலத்தன்மை இவ்வளவையும் குறித்துவையுங்கள். ஏதாவது கிடைத்தால் அதே இடத்துக்குத் திரும்பப் போக வேண்டியிருக்கும். அடுத்தவர் நிலமென்றால் அனுமதி வாங்குங்கள். மாதிரியை வேறு நாட்டுக்கு அனுப்புவதானால் 2014 முதல் அமலில் உள்ள நகோயா நெறிமுறையையும் அந்தந்த நாட்டின் பல்லுயிர்ச் சட்டத்தையும் பாருங்கள். மண் கொடுத்த ஊருக்குப் பங்கு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வந்த விதிகள் அவை. விவரங்களைப் பையின் மேல் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.